ஒரே கட்டு அரைக்கீரை, நாலு விதமாக வேகவைத்துப் பார்த்தேன்: நிறமும் ருசியும் எங்கே மாறுகின்றன?

கல்சட்டி (மன்னார்குடி)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் வாரத்துக்கு நாலு நாள் கீரை. தெருவில் வரும் கீரைக்காரம்மா அன்றைக்கு எதைப் பறித்துக்கொண்டு வருகிறாரோ அதுதான் குழம்பும் கூட்டும். ஆனால் ஒரு நாள் மசியல் கிளிப்பச்சையாக வருகிறது. மறுவாரம் அதே அரைக்கீரை, அதே சட்டி, காய்ந்த மாவிலை நிறத்தில் நிற்கிறது. கைப்பக்குவம் என்று சொல்லி விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. போன சனிக்கிழமை உட்கார்ந்து சோதித்துப் பார்த்தேன்.

பெரிய கட்டாக ஒன்று வாங்கி ஆய்ந்து, கழுவி, வடியவிட்டு நிறுத்தால் 400 கிராம் நின்றது. நூறு நூறாகப் பிரித்துக்கொண்டேன். நாலுக்கும் அரை டம்ளர் தண்ணீர், ஒரே அளவு உப்பு, தலா 1 பச்சைமிளகாய், 2 பல் பூண்டு.

முதல் பங்கைத் தட்டுப்போட்டு மூடி 10 நிமிடம் வேகவிட்டேன். இரண்டாவது பங்கு அதே 10 நிமிடம், ஆனால் திறந்தபடி. மூன்றாவது குக்கரில் 1 விசில், ஆவி தானாக அடங்கும்வரை காத்திருந்தேன். நாலாவதில் புளித்தண்ணீரை முதலிலேயே ஊற்றித் திறந்து வேகவைத்தேன்.

திறந்து வெந்தது பளிச்சென்று இருந்தது. தட்டுப்போட்டது மங்கிவிட்டது. குக்கர் அதைவிட மங்கல், வாசனையும் ஏதோ வைக்கோல் மாதிரி அடித்தது. ஆனால் நான் எதிர்பார்க்காதது நாலாவதுதான். நிறம் போனது மட்டுமில்லை, தண்டு வேகவே இல்லை. 10 நிமிடம் கழித்தும் நகத்தால் அழுத்தினால் நார் நாராகப் பிரிந்தது. இன்னும் 7 நிமிடம் வைத்த பிறகுதான் மசிந்தது.

கிண்ணங்களை மாமியார் முன்னால் வைத்து, எது எப்படி வெந்தது என்று சொல்லாமல் ருசிபார்க்கச் சொன்னேன். திறந்து வெந்ததை எடுத்து, "இதுதான் எங்கம்மா பண்ற மாதிரி இருக்கு" என்றார்.

இலைப்பச்சையத்துக்கு நடுவில் ஒரு மக்னீசிய அணு இருக்கிறது. சூடும் புளிப்பும் சேர்ந்தால் அது கழன்றுபோய் நிறம் பழுப்புப்பச்சையாகிறது. கீரைக்குள்ளேயே கொஞ்சம் அமிலம் உண்டு. திறந்து வைத்தால் அதில் ஒரு பகுதி ஆவியோடு போய்விடும், மூடினால் தட்டில் முத்துமுத்தாகக் கோத்து மறுபடி சட்டிக்குள்ளேயே சொட்டும். இதுவரை எனக்குப் புரிகிறது. இதே விதி எல்லாக் கீரைக்கும் பொருந்துமா? நீங்கள் வீட்டில் செய்து பார்த்ததைச் சொல்லுங்கள்.

மத்து (ஈரோடு)

கல்சட்டி அக்கா, நூறு கிராமாக நிறுத்துச் செய்ததற்கே ஒரு கும்பிடு. புளி போட்டால் தண்டு வேகாது என்பது சரி. பருப்பு வேகும் முன் தக்காளி போட்டால் பருப்பு முழிக்குமே, அதே கதை. புளிப்பு பட்டால் காயானாலும் பருப்பானாலும் இறுகிக்கொள்ளும்.

நான் இன்னொன்றைச் சேர்க்கிறேன். வேகவைப்பதில் பாதி, கடைவதில் பாதி. மிக்சியில் போட்டால் நார் எல்லாம் அறுந்து கூழாகிவிடுகிறது, வாயில் வழவழவென்று பசை மாதிரி ஒட்டும். எங்கள் பக்கம் கடைசலுக்கென்றே மண்சட்டி உண்டு, உட்புறம் வழவழப்பாக இல்லாமல் வரி போட்டிருக்கும். வெந்த கீரையில் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் இறுத்துவிட்டு, கல்லுப்பைப் போட்டு மத்தால் கடைய வேண்டும். கல்லுப்பு அம்மிக்கல் மாதிரி வேலை செய்யும். மூன்று நாலு நிமிடத்தில் இலை மசிந்துவிடும், தண்டு மட்டும் அங்கங்கே திப்பியாகக் கிடக்கும். அந்தத் திப்பிதான் ருசி. அப்புறம் இறுத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கடைந்து பதம் பார்த்துக்கொள்ளலாம்.

தாளிக்கக் கடலை எண்ணெய், கடுகு, சீரகம், நசுக்கிய சின்ன வெங்காயம், வரமிளகாய். வேறெதுவும் வேண்டாம்.

பனங்கூடல் (யாழ்ப்பாணம்)

நாங்கள் கீரையைக் கடைவதும் உண்டு. ஆனால் வீட்டில் அடிக்கடி செய்வது வறை. பொன்னாங்காணி, முருங்கை இலை, முசுட்டை, எதுவானாலும் நூல் மாதிரி மெல்லிதாக அரிந்து, வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ (தேங்காய்த் துருவல்), மஞ்சள், உப்பு போட்டுக் கையால் பிசறி, காய்ந்த தாச்சியில் போட்டு வறுத்தெடுப்பது. தண்ணீரே விடுவதில்லை. நாலைந்து நிமிடத்துக்கு மேல் அடுப்பில் வைத்தால் அம்மா ஏசுவார். அதனால் நிறம் போவதற்கு நேரமே கிடைப்பதில்லை.

கடைந்த கீரைக்கு நாங்கள் கடைசியில் தேங்காய்ப்பால் விடுவோம். தேசிக்காய்ப்புளியை (எலுமிச்சைச் சாற்றை) மட்டும் அடுப்பிலிருந்து இறக்கி, கொஞ்சம் ஆறிய பிறகுதான் விடுவது. ஒருநாள் அவசரத்தில் அடுப்பிலேயே பிழிந்துவிட்டேன். பால் திரைந்து, கீரை மங்கி, கறி முழுக்க ஒரு கைப்பு. கல்சட்டி அக்கா எழுதியதைப் படித்த பிறகுதான் நிறம் போன காரணம் விளங்கியது. இறக்கிய பின் விடும் தேசிக்காய்க்கு இன்னொரு நன்மையும் உண்டு. அதிலுள்ள வைட்டமின் சி கொதித்து அழியாமல் இருப்பதால், கீரையிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும்.

வல்லாரையை நாங்கள் அடுப்பிலேயே ஏற்றுவதில்லை. பச்சையாக அரிந்து தேங்காய்ப்பூ, வெங்காயம், தேசிக்காயுடன் சம்பல். உங்கள் பக்கம் வல்லாரையைத் துவையலாக வதக்கி அரைப்பதாகக் கேள்விப்பட்டேன். இரண்டையும் ஒரே நாளில் செய்து பார்க்க ஆசை.

மொட்டைமாடி (மதுரை)

நான் சமையலைவிடத் தோட்டக்காரன். மாடியில் 14 தொட்டியில் கீரை போட்டிருக்கிறேன். பருப்புக்கீரையில் ஒரு விஷயம் கவனித்தேன், இந்த இழைக்கு நேராகப் பொருந்தும்.

சித்திரை வெயிலில் இரண்டு நாள் தண்ணீர் விட மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் காலை 6 மணிக்கு ஒரு தொட்டியில் பாதியைப் பறித்தேன், மீதிப் பாதியை அன்று மாலை 5 மணிக்கு. பச்சையாகவே கடித்துப் பார்த்தேன். காலையில் பறித்தது பல் கூசும் புளிப்பு. மாலையில் பறித்ததில் புளிப்பு பாதிகூட இல்லை. ஒரே செடி, ஒரே நாள்!

காரணத்தைத் தேடிப் படித்தேன். தண்ணீர் குறைந்தால் இந்தச் செடி பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி மாலிக் அமிலமாகச் சேர்த்து வைக்கும். விடிந்ததும் அந்த அமிலத்தைச் செலவழித்து உணவு தயாரிக்கும். கள்ளியும் அன்னாசியும் பிழைக்கும் வழி அது. ஆகவே விடிகாலையில் புளிப்பு உச்சத்தில் இருக்கும். கூட்டுக்கு வேண்டுமானால் மாலையில் பறியுங்கள். புளி சேர்க்காமல் பருப்போடு கடைய வேண்டுமானால் காலையில்.

நொய்யல்கரை (கோவை)

மொட்டைமாடி அண்ணா, நீங்கள் சொல்லும் பருப்புக்கீரை எது? தண்டு சிவந்து, இலை குண்டாக, தரையோடு படர்வதா? எங்கள் ஊரில் பருப்புக்கீரை என்றால் நிமிர்ந்து வளரும், இலைக்கு அடியில் வெள்ளையாக மாவு பூசினது மாதிரி இருக்கும். அதில் புளிப்பே கிடையாதே!

மொட்டைமாடி (மதுரை)

நான் சொன்னது படர்வதுதான், குண்டு இலை. நீங்கள் சொல்வது சக்கரவர்த்திக் கீரை. வடக்கே பதுவா என்று பரோட்டாவில் வைக்கிறார்களே, அதே கீரை. கோவைப்பக்கம் அதைப் பருப்புக்கீரை என்பார்கள் என்று இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. இரண்டும் வேறு வேறு குடும்பம். கீரைச் சமையல்குறிப்பு போடும்போது இலை எப்படி இருக்கும் என்று ஒரு வரி சேர்த்து எழுதுவது நல்லது. மணத்தக்காளியை ஒரு ஊரில் மிளகுதக்காளி என்பார்கள், இன்னொரு ஊரில் சுக்குட்டிக் கீரை என்பார்கள். பேரை மட்டும் நம்பிச் செய்தால் குறிப்பு ஏமாற்றிவிடும்.

புதுமனை (சென்னை)

எல்லோரும் இவ்வளவு அக்கறையாக எழுதுவதால் துணிந்து கேட்கிறேன். கல்யாணமாகி எட்டு மாதம். ஏகாதசி விரதம் இருந்து மறுநாள் துவாதசிக்கு அகத்திக்கீரை வேண்டும் என்று அத்தை சொன்னார். கட்டாக வாங்கி வந்து பொரியல் செய்தேன். வாயில் வைக்க முடியாத கசப்பு. அத்தை பாரணை என்பதால் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டார், என் கணவர் ஒரு வாயோடு சரி. எனக்கு அன்று முழுக்க மனசே சரியில்லை. சீனி போட்டால் சரியாகும் என்று ஒரு காணொளியில் பார்த்து அதையும் போட்டேன். கசப்பும் இனிப்பும் தனித்தனியாக நின்றதுதான் மிச்சம். அடுத்த துவாதசிக்குள் கற்றுக்கொள்ள வேண்டும்.

முற்றம் (காரைக்குடி)

புதுமனை, வருத்தப்படாதே அம்மா. எனக்கு 68 வயது. அகத்தியைப் பொரியலாக நானே அபூர்வமாகத்தான் செய்வேன். அது மண்டிக்குப் பிறந்த கீரை.

முதலில் இலையைப் பார். கொத்தின் நுனியில் இருக்கும் இளம் இலை வெளிர்பச்சையாக, தொட்டால் மெத்தென்று இருக்கும். அதை மட்டும் உருவிக்கொள். முற்றின இலையை மாட்டுக்குக் கொடுத்துவிடு, அமாவாசைக்கு மாட்டுக்குக் கொடுப்பதும் அகத்திதானே. காம்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது. இலையை எவ்வளவு பொடியாக அரிகிறாயோ அவ்வளவு நல்லது.

அரிசி களையும்போது முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டாவது தண்ணீரை ஒன்றரை டம்ளர் எடுத்து வை. அந்தத் தண்ணீருக்குத்தான் மண்டி என்று பேர். சட்டியில் நல்லெண்ணெய் விட்டு, உளுத்தம்பருப்பு, சீரகம், இரண்டு வரமிளகாய் கிள்ளிப் போட்டு, சின்ன வெங்காயம் பதினைந்தை இரண்டாக நறுக்கி வதக்கு. கீரையைப் போட்டு ஒரு புரட்டு. மண்டித் தண்ணீரை ஊற்றி, தட்டுப்போடாமல் கொதிக்கவிடு. வெந்த பிறகு உப்பு. கடைசியில் அரைமூடித் தேங்காயின் கெட்டிப்பால், ஊற்றின உடனே அடுப்பை அணைத்துவிட வேண்டும். கசப்பு இருக்கும். ஆனால் அரிசித் தண்ணீரின் கொழகொழப்பும் தேங்காய்ப்பாலும் அதைச் சுற்றிக்கொண்டு வரும், நாக்கில் முள்ளாகக் குத்தாது. விரத வீட்டில் வெங்காயம் ஆகாது என்றால் விட்டுவிடு, பாசிப்பருப்பு ஒரு கை சேர்த்துக்கொள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். உன் அத்தை நாட்டு மருந்து சாப்பிடுகிறவரா என்று கேட்டுக்கொள். அகத்தி மருந்தை முறிக்கும் என்பது சித்த வைத்தியத்தில் வழிவழியாக வரும் பத்தியம்.

புதுமனை (சென்னை)

ஆச்சி, இதைத் தாளில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டிவைத்துவிட்டேன். ரொம்ப நன்றி.

கொடிக்கால் (சோழவந்தான்)

அகத்தி பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஊர் வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியைத்தான் முதலில் விதைப்போம். அது வளர்ந்து நிழல் கொடுக்கும், வெற்றிலைக்கொடி அதைப் பிடித்துக்கொண்டு ஏறும். ஆகவே கொடிக்கால் உள்ள ஊரில் அகத்திக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. பட்டணத்தில் கிடைக்கும் கட்டு பெரும்பாலும் ஒரு நாள் பழசு. அகத்தி பறித்த சில மணிநேரத்திலேயே வாடத் தொடங்கிவிடும். வாங்கியதும் ஈரத்துணியில் சுற்றி வைத்து, அன்றே சமைத்துவிடுங்கள்.

திண்ணை (திருநெல்வேலி)

முருங்கைக்கீரை உருவுவதுதான் எங்கள் வீட்டில் பெரிய வேலை. ஒரு கட்டை உருவ முக்கால் மணி நேரம். இதற்கு என் பெரியம்மா காட்டிய வழி: முந்தின நாள் ராத்திரி கட்டைக் கழுவாமல் அப்படியே பருத்தித்துணியில் இறுக்கிச் சுற்றி, அடுக்களை மூலையில் வைத்துவிட வேண்டும். காலையில் துணியைப் பிரித்து இரண்டு உதறு உதறினால் இலை பொலபொலவென்று கொட்டிவிடும். மிஞ்சுவது ஈர்க்கு மட்டும். நான் ஒருமுறை பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பார்த்தேன். வியர்த்து, காலையில் இலை கறுத்துக் கிடந்தது. துணிதான் சரி.

ஈர்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். இளசாக இருப்பதைத் தட்டி, மிளகு சீரகம் பூண்டோடு கொதிக்கவைத்து வடிகட்டினால் அருமையான ரசம். சளி பிடித்த பிள்ளைகளுக்கு எங்கள் வீட்டில் இதுதான்.

வெண்ணெய் உருக்கும்போது, நெய் வாசனை எழும் நேரத்தில் ஒரு கொத்து முருங்கைக்கீரை போடுவோம். சடசடவென்று பொரிந்து மொறுமொறுப்பாக அடியில் தங்கும். சட்டியில் ஒட்டியிருக்கும் கசண்டோடு சேர்த்து, சுடுசோறும் உப்பும் போட்டுப் பிசைந்தால் அந்த ஒரு உருண்டைக்கு வீட்டில் சண்டையே நடக்கும்.

அடுக்களை (திருச்சி)

யாராவது கீரை வடை பற்றிச் சொல்லுங்கள். தண்டுக்கீரை இலையைப் பொடியாக அரிந்து உளுந்து மாவில் கலந்தேன். முதல் ஈடு நன்றாக வந்தது. மூன்றாவது ஈட்டுக்கு வரும்போது மாவு இளகி, கையில் நிற்கவில்லை, எண்ணெய் குடித்துவிட்டது.

மத்து (ஈரோடு)

உப்பு பட்டதும் இலை தண்ணீர் விடும், அதுதான் காரணம். கீரையைக் கழுவி, துணியில் பரப்பி ஈரம் சுத்தமாகப் போன பிறகு அரியுங்கள். மொத்த மாவிலும் கீரையையும் உப்பையும் சேர்க்காமல், ஒரு ஈட்டுக்கு எவ்வளவு மாவோ அதைத் தனிக்கிண்ணத்தில் எடுத்து, அதற்கு மட்டும் கலந்து தட்டுங்கள். உளுந்தையும் ஒன்றரை மணிநேரத்துக்கு மேல் ஊறவிட வேண்டாம்.

பித்தளைப்படி (சேலம்)

எங்கள் வீட்டு அனுபவம் வேறு மாதிரி. கணவருக்குச் சிறுநீரகக் கல் வந்தது. கல் கால்சியம் ஆக்சலேட் வகை என்று தெரிந்ததும், பாலக், தண்டுக்கீரை மாதிரி ஆக்சலேட் மிகுந்த கீரைகளைக் குறைக்கச் சொன்னார்கள். எப்போதாவது செய்யும்போது நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறேன், கரையும் ஆக்சலேட் அதோடு போகும். தயிரோடு பரிமாறுகிறேன். தயிரிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்ளும். இது எங்களுக்குச் சொன்னது. எல்லோரும் கீரைத்தண்ணீரைக் கொட்டாதீர்கள், சத்தும் அதில்தான் கரைந்திருக்கிறது. இதே பிரச்சினை உள்ளவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

சமையல்சோடா ஒரு சிட்டிகை போட்டால் பச்சை நிற்கும் என்று யாராவது சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன். நிற்கும்தான். ஆனால் கீரை கொழகொழத்துப் போகும், பி1 வைட்டமினும் அழியும். கல்யாணப் பந்தியில் நிறத்துக்காகப் போடுகிறார்கள். வீட்டில் வேண்டாம்.

கல்சட்டி (மன்னார்குடி)

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். நீங்கள் எழுதியதில் முடிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன்.

மத்து சொன்னபடி கல்லுப்பு போட்டுக் கடைந்தேன். இனி என் மிக்சிக்குக் கீரை வேலை இல்லை. பனங்கூடல் சொன்ன வறையைப் பொன்னாங்கண்ணியில் செய்தேன், ஐந்தே நிமிடம். மகன் தட்டில் இருந்ததை முடித்துவிட்டு, சட்டியை எட்டிப் பார்த்தான். எனக்கு அது போதும்.

என் முதல் கேள்விக்கு விடை புளிச்சகீரையில்தான் கிடைத்தது. கீரைக்காரம்மா சிவப்புத்தண்டு புளிச்சகீரை கொண்டுவந்தார். சோதனையில் கற்ற பாடத்தை வைத்து அதைத் திறந்தே வேகவைத்தேன். எண்ணெயில் பட்ட நிமிடமே, கண்ணெதிரில், பச்சை மாறி ஆலிவ் பழுப்பாகிவிட்டது. தட்டு மூடவில்லை, புளியும் ஊற்றவில்லை. அப்போதுதான் உறைத்தது. இந்த இலைக்குள்ளேயே அத்தனை புளிப்பு இருக்கிறதே, அந்த அமிலம் எங்கே ஆவியாகும்? அரைக்கீரைக்குச் செய்யும் உபசாரம் இதற்குப் பயன்படாது. இதன் அழகே அந்தக் கரும்பழுப்பும், மேலே மிதக்கும் நல்லெண்ணெயும்தான். அகத்திக்கு அரிசித் தண்ணீர், வறைக்குத் தண்ணீரே கூடாது, பருப்புக்கீரைக்குப் பறிக்கும் நேரம். எல்லாவற்றையும் ஒரே சட்டியில் ஒரே மாதிரி வேகவைத்துக்கொண்டு, நிறம் மாறுகிறதே என்று இத்தனை வருடம் குழம்பியிருக்கிறேன்.

குக்கர் சோதனையையும் திரும்பச் செய்தேன். 1 விசில் வந்ததும் குக்கரைக் குழாய்த்தண்ணீரில் காட்டி ஆவியை உடனே அடக்கித் திறந்தேன். நிறம் பெரிய அளவுக்குக் குறையவில்லை. ஆவி தானாக அடங்கும் வரை உள்ளே சூட்டில் கிடப்பதுதான் கெடுக்கிறது போலிருக்கிறது. காலையில் வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு இது உதவும்.

தாளிப்புக்கு இப்போது வெங்காய வடகம் போடுகிறேன், எங்கள் தஞ்சாவூர்ப் பக்க வழக்கம். கொதிக்கும் மசியலில் வடகத் தாளிப்பைக் கொட்டி, அப்போது மட்டும் ஒரு நிமிடம் தட்டுப்போட்டு மூடுகிறேன். அந்த வாசனைக்காக அந்த ஒரு நிமிட மங்கலைப் பொறுத்துக்கொள்ளலாம்.

முற்றம் (காரைக்குடி)

நீ சொன்னது சரி கல்சட்டி. வடகம் தாளித்தால் மூடித்தான் ஆக வேண்டும்.

புதுமனை, துவாதசி வந்து போயிற்றே, மண்டி எப்படி வந்தது?

புதுமனை (சென்னை)

ஆச்சி, இன்றைக்குத்தான் எழுத உட்கார்ந்தேன். வெங்காயம் இல்லாமல், பாசிப்பருப்பு சேர்த்துச் செய்தேன். இளம் இலையாகப் பொறுக்கியதில் ஒரு கட்டில் பாதிதான் தேறியது. மீதியைப் பக்கத்துத் தெரு மாட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார். என் கணவர் கசக்கிறது என்று சொல்லிக்கொண்டே கிண்ணத்தை முடித்துவிட்டார். அத்தை நாட்டு மருந்து எதுவும் எடுப்பதில்லை, முதலிலேயே கேட்டுக்கொண்டேன்.